ஸோராவும் அந்தப் பின் கண்ணாடியும்

புது காரில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலே நமக்கு ஒரு வாரம் தூக்கம் வராது. ஆனா 1963-இல் அமெரிக்காவில் சில பேர், அப்பத்தான் வாங்கின கார்வெட் ஸ்டிங் ரேவை நேரா ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிட்டுப் போய், அதன் பின்பக்கத்தை ரம்பம் வைத்து அறுத்தாங்க. காரணம் பின் கண்ணாடி. அது ஒரே கண்ணாடியாக இல்லை. நடுவில் செங்குத்தாக ஒரு பட்டை ஓடி அதை இரண்டாகப் பிரித்தது. ஓட்டுகிறவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தால், நேர் பின்னாடி வருகிற வண்டி அந்தப் பட்டைக்குள் ஒளிந்துகொள்ளும். எரிச்சலான ஓனர்கள் பட்டையை வெட்டி எறிந்துவிட்டு ஒரே பீஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள்.

அந்தக் காரை உருவாக்கிய இன்ஜினியருக்கும் இதே எரிச்சல் இருந்தது. கார் ஃபேக்டரியை விட்டு வெளியே வருவதற்கு முன்பே இந்தப் பட்டை வேண்டாம் என்று சண்டை போட்டுத் தோற்ற ஆள் அவர். பெயர் ஸோரா ஆர்க்கஸ்-டண்டோவ். கார்வெட்டின் அப்பா என்று அமெரிக்காவே கொண்டாடுகிற மனுஷன். இத்தனைக்கும் அந்தக் காரைப் பெற்றது அவர் இல்லை. அந்தக் கதைக்கு வருவோம்.

1909 டிசம்பர் 25 அன்று பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ரஷ்ய யூதர்கள். அப்பா சுரங்க இன்ஜினியர், அம்மா மருத்துவம் படித்தவர். குடும்பம் சீக்கிரமே ரஷ்யாவுக்குத் திரும்பியது. அதனால் புரட்சியின் காலத்தைச் சின்னப் பையனாக அங்கேயே பார்த்தார். பெற்றோர் பிரிந்த பிறகு டண்டோவ் என்பவர் அம்மாவின் துணையானார். பழைய அப்பாவும் அதே வீட்டில்தான் தொடர்ந்து இருந்தார். பிள்ளைகள் இருவரும் பிற்காலத்தில் இரண்டு அப்பாக்களின் பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். அந்த நீளப் பெயர் வந்த விதம் இதுதான்.

1927-இல் குடும்பம் பெர்லினுக்கு மாறியது. ஸோரா பைக் ஓட்டின வேகத்தைப் பார்த்துப் பயந்த வீட்டார், நாலு சக்கரமாவது இருக்கட்டும், பைக்கை விட்டுவிட்டு ஒரு கார் வாங்கிக்கொள் என்று வற்புறுத்தினார்கள். அவர் வாங்கியது ரேஸ் கார். பிள்ளைகளின் லாஜிக் எந்த ஊரிலும் பெற்றோருக்குப் புரியாது போல. 1934-இல் பெர்லினின் சார்லட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். எல்ஃபி என்ற நடனக் கலைஞரை 1939-இல் மணந்தார். உடனே போர் வந்தது. ஸோராவும் தம்பி யூராவும் பிரெஞ்சு விமானப் படையில் சேர்ந்தார்கள். பிரான்ஸ் விழுந்தபோது பாரிஸில் இருந்த எல்ஃபி, ஜெர்மன் படை வருவதற்குக் கொஞ்சம் முன்னாடி தன் எம்.ஜி. காரில் போர்டோ வரை ஓட்டித் தப்பித்தார். வீட்டில் நல்ல டிரைவர் யார் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. குடும்பம் போர்ச்சுகல் வழியாகக் கப்பல் ஏறி நியூயார்க் போய்ச் சேர்ந்தது.

அங்கே அண்ணன் தம்பி இருவரும் ஆர்டன் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஆர்க்கஸ், டண்டோவ் இரண்டையும் சுருக்கின பெயர். போர்க்காலத்தில் ராணுவத்துக்கான வேலை. போர் முடிந்ததும் ஃபோர்டு ஃப்ளாட்ஹெட் வி8 இன்ஜினுக்கு அலுமினியத்தில் ஒரு புது சிலிண்டர் ஹெட் செய்தார்கள். ஃப்ளாட்ஹெட்டில் வால்வுகள் பிளாக்கிலேயே பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். காற்று வளைந்து நெளிந்துதான் உள்ளே போகணும், சூடும் தாங்காது. ஆர்டன் ஹெட் வால்வுகளை மேலே கொண்டுவந்து, கம்பஸ்டன் சேம்பரை அரைக்கோள வடிவமாக்கியது. அதே பழைய பிளாக், பவர் மட்டும் எங்கேயோ போச்சு. இன்றைக்கும் பழைய கார் பிரியர்கள் அந்த ஹெட்டைத் தேடி அலைகிறார்கள். ஆனால் கம்பெனி நிலைக்கவில்லை. ஸோரா இங்கிலாந்து போய் அல்லார்டு கம்பெனியில் வேலை பார்த்தார், அவர்களுடைய காரில் லே மான் 24 மணி நேரப் பந்தயத்திலும் ஓட்டினார். பிறகு மறுபடி அமெரிக்கா.

1953 ஜனவரி. நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் ஜெனரல் மோட்டார்ஸின் மோட்டோரமா கண்காட்சி. அங்கே செவர்லே ஒரு வெள்ளை ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருந்தது. அதுதான் முதல் கார்வெட். அதன் யோசனையும் வடிவமும் டிசைன் தலைவர் ஹார்லி ஏர்லின் பிரிவில் பிறந்தவை. ஸோரா பார்த்தார், வாயடைத்துப் போனார். பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று விசாரித்தார். ஆறு சிலிண்டர் இன்ஜின், 150 குதிரைத்திறன், இரண்டே இரண்டு கியர் உள்ள ஆட்டோமேட்டிக். வெளியே சிங்கம், உள்ளே பசு மாடு. அவர் செவர்லேயின் தலைமை இன்ஜினியர் எட் கோலுக்குக் கடிதம் எழுதினார். கூடவே ஒரு காரின் உச்ச வேகத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடிப்பது எப்படி என்ற தன் கட்டுரையையும் இணைத்தார். 1953 மே 1 அன்று வேலைக்குச் சேர்ந்தார். அப்போது வயது 43. கேரியர் முடிஞ்சு போச்சுன்னு இருபத்தொரு வயசுல ஸ்டேட்டஸ் போடுற நண்பர்கள் இந்த நம்பரைக் குறித்துக்கொள்ளவும்.

சேர்ந்த சில வாரத்திலேயே லே மானுக்குப் போகணும் என்று கிளம்பிவிட்டார். மேலதிகாரிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வேலை போகாமல் தப்பியதே பெரிசு. பிறகு 1954, 1955 இரண்டு வருஷமும் போர்ஷே 550 காரில் அதே பந்தயத்தில் தன் 1100 சிசி பிரிவில் ஜெயித்தார். செவர்லேயில் சம்பளம், போர்ஷேயில் ஜெயம். இன்றைக்கு இப்படி ஒன்றை எந்த எச்.ஆர். ஒத்துக்கொள்வார்?

கார்வெட் வாங்கியவர்கள் அதற்குள் கடுப்பாகி இருந்தார்கள். முதல் வருஷம் 300 வண்டிதான் செய்தார்கள். எல்லாமே வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு. அடுத்த வருஷம் 3,640. அதில் மூன்றில் ஒரு பங்கு விற்காமல் கிடந்தது. ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களுக்கு அந்த ஆட்டோமேட்டிக் கியர் அவமானம். சொகுசு வேண்டியவர்களுக்கோ, ஏற்றி இறக்கும் ஜன்னல் கண்ணாடி கிடையாது, மழை வந்தால் எடுத்து மாட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் திரைதான். அதற்குள்ளும் தண்ணீர் ஒழுகும். கதவுக்கு வெளியே கைப்பிடி கூட இல்லை, உள்ளே கை விட்டுத்தான் திறக்கணும். இரண்டு பக்கமும் திட்டு. 1955-இல் உற்பத்தி 700-ஆக விழுந்தது. அதே வருஷம் ஃபோர்டு தண்டர்பேர்டு 16,000-க்கு மேல் விற்றது. கார்வெட்டை இழுத்து மூடிவிடலாம் என்ற பேச்சு உள்ளுக்குள் பலமாக ஓடியது.

ஸோரா 1953 டிசம்பரிலேயே மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார். இளைஞர்களும், காரைப் பிரித்து மேய்கிற ஹாட் ராட் பசங்களும் ஃபோர்டு பக்கம் இருக்கிறார்கள், அவர்கள் படிக்கிற பத்திரிகை முழுக்க ஃபோர்டுதான், செவர்லே நல்ல வி8 கொண்டு வந்தால் மட்டும் போதாது, அதை இன்னும் வேகமாக்குகிற பாகங்களையும் நாமே விற்கணும் என்பது அதன் சாரம். மார்க்கெட்டிங் ஆள் எழுத வேண்டியதை ஒரு இன்ஜினியர் எழுதினார். ஓனர் என்ன நினைக்கிறான் என்பதை மெக்கானிக் ஷெட்டில் போய்ப் பார்த்த ஆள் எழுதினது மாதிரி இருக்கும்.

1955-இல் வி8 வந்தது. 1956-இல் உடம்பே மாறியது. கண்ணாடி ஏறி இறங்கியது, கதவுக்குக் கைப்பிடியும் வந்தது. டேடோனா கடற்கரை மணலில் ஸோராவே ஓட்டி, இரு திசையிலும் சராசரியாக மணிக்கு 150.58 மைல் காட்டினார். கிட்டத்தட்ட 242 கிலோமீட்டர், மணலில். அதற்காக அவர் செய்த கேம்ஷாஃப்ட்டுக்கு டண்டோவ் கேம் என்றே பெயர் நிலைத்தது. 1957-இல் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது, 283 கன அங்குல இன்ஜினிலிருந்து 283 குதிரைத்திறன். விற்பனை 1956-இல் 3,467, அடுத்த வருஷம் 6,339, 1960-இல் பத்தாயிரத்தைத் தாண்டியது. முதல் காரைத் திட்டினவர்கள் சரியாகத்தான் திட்டினார்கள், அந்தத் திட்டை யாரோ ஒருவர் காது கொடுத்துக் கேட்டார். அப்பா என்கிற பட்டம் அவருக்கு ஒட்டிக்கொண்டது இந்த வருஷங்களில்தான்.

இப்போது 1963. அடியிலிருந்து எல்லாம் புதுசு. மெக்கானிக்கல் பசங்க கவனிக்க வேண்டிய இடம் பின் சஸ்பென்ஷன். அதுவரை இருந்தது ஒரே முழு ஆக்ஸில், ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அடுத்த சக்கரமும் ஆடும். ஸோராவின் குழு டிஃபரென்ஷியலைச் சேஸிஸிலேயே பொருத்திவிட்டு, இரண்டு சக்கரத்தையும் தனித்தனியாக விட்டது. தனியாக மேல் கை ஒன்று செய்தால் செலவு, அதனால் சக்கரத்தைச் சுற்றுகிற ஹாஃப் ஷாஃப்டையே மேல் கையாகவும் பயன்படுத்தினார்கள். காயில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, குறுக்கே ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். லாரிக்குப் போடுகிற சமாச்சாரம்னு கேலி செய்யலாம். ஆனால் வேலை செய்தது.

உடம்பு ஸோராவின் கையில் இல்லை. ஹார்லி ஏர்லுக்குப் பிறகு டிசைன் தலைவராக வந்தவர் பில் மிட்செல். கூரையிலிருந்து வால் வரைக்கும் முதுகெலும்பு போல ஒரு கோடு ஓடணும், அது கண்ணாடி நடுவிலும் ஓடணும், அந்தக் கோடு போனால் மொத்தக் காரும் போச்சு என்பது மிட்செலின் கட்சி. ஓட்டுகிறவனுக்குப் பின்னாடி என்ன வருகிறது என்று தெரியாத கார் எதற்கு என்பது ஸோராவின் கட்சி. இருவரும் உரசின உரசலில் கம்பெனியே அதிர்ந்தது. அந்தக் கம்பெனியில் அந்தக் காலத்தில் டிசைன்காரர்கள் சொன்னதுதான் சட்டம். மிட்செல் ஜெயித்தார். பானெட்டில் காற்றே போகாத இரண்டு போலி ஜன்னல்களும் இருந்தன, அதையும் யாரும் தடுக்கவில்லை.

கார் வந்தது. சனங்கள் க்யூவில் நின்றார்கள். செயின்ட் லூயிஸ் ஃபேக்டரியில் இரண்டாவது ஷிஃப்ட் போட வேண்டி வந்தது. அந்த வருஷம் 21,513 வண்டிகள், அதில் கூப் 10,594. அதில்தான் அந்தப் பட்டை. பார்க்கப் பிடித்து வாங்கினவர்களே, ஓட்டினதும் முகம் சுளித்தார்கள். பத்திரிகைகளும் குறை சொன்னன. 1964 மாடலில் பட்டை காணாமல் போச்சு, போலி ஜன்னல்களும் போச்சு. ஸோரா சொன்னதுதான் நடந்தது. 1963 மாடல் வைத்திருந்தவர்கள், நம்ம கார் ஒரே வருஷத்தில் பழசாகிப் போச்சே என்று புதுக் கண்ணாடி வாங்கி மாட்டினார்கள். ரம்பம் வந்தது இதனால்தான்.

இங்கே கதை முடிந்திருந்தால் ஸோராவுக்கு முழு வெற்றி. ஆனால் என்ன ஆச்சு தெரியுமா? ஒரே ஒரு வருஷம் மட்டும் வந்த அந்த இரட்டைக் கண்ணாடி கூப்தான் இன்றைக்குக் கார்வெட்களிலேயே ஆசையாகத் தேடப்படுகிற மாடல்களில் ஒன்று. ஒரே கண்ணாடி 1964 கூப்பை விட அதற்குத்தான் விலை. அறுத்த வண்டிகளை வாங்கினவர்கள் மறுபடி பட்டையை ஒட்ட வேண்டி வந்தது. எனக்கு இதில் ஸோரா பக்கம்தான். தினமும் ஓட்டுகிறவனுக்கு அந்தப் பட்டை ஆபத்து, சந்தேகமே இல்லை. இன்றைக்கு அதை வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் அதை மழையில் ஹைவேயில் ரிவர்ஸ் பார்த்து ஓட்டுகிறார்கள்? ஆனாலும் மிட்செலின் கோடு அழகு என்பதை மறுக்க முடியவில்லை. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் ஒத்துக்கொள்வது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

1968-இல் அடுத்த புது உடம்பு. இது வேறு மாதிரி சோகம். ஸோரா 1967-இல் உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்தார். கார்வெட்டுக்கென்று இருந்த தனி இன்ஜினியரிங் குழுவும் கலைக்கப்பட்டிருந்தது. வந்த கார் பழசை விட நீளம், ஆனால் சாமான் வைக்க இடம் குறைவு. பெயின்ட், பொருத்தம், ஒழுகல் எல்லாமே புகார். கார் அண்ட் டிரைவர் பத்திரிகைக்கு டெஸ்டுக்கு வந்த வண்டி இருந்த லட்சணத்தைப் பார்த்து, ஆசிரியர் டெஸ்ட் செய்யவே மறுத்து அதை எழுதியும் விட்டார். பெரிய இன்ஜின் போட்ட வண்டிகள் சூடேறின. முன்னால் கிரில் என்று பெரிதாக எதுவும் இல்லை, ரேடியேட்டருக்குக் காற்று எங்கிருந்து வரும்? ஸோரா திரும்பி வந்து பார்த்தார். பம்பருக்குக் கீழே அடிப்பக்கத்தில் இரண்டு நீள ஓட்டைகள் வெட்டச் சொன்னார். அதற்குப் பின்னால் இருந்த ஸ்பாய்லரைக் கொஞ்சம் பெரிதாக்கினார். ஓடும்போது காற்று அதில் மோதி மேலே ஏறி ரேடியேட்டருக்குள் போகும். அவ்வளவுதான். கார்வெட்டின் பொறுப்பு மறுபடி அவரிடமே வந்தது. இத்தனை திட்டுக்கும் நடுவில் அந்த வருஷம் 28,566 வண்டி விற்றது, அதுவரை இல்லாத உச்சம். அடுத்த வருஷம் 38,762.

அந்த விற்பனைதான் ஸோராவின் உண்மையான எதிரியாக மாறியது. அவருக்கு ஒரு கனவு இருந்தது. இன்ஜினை டிரைவருக்கு முன்னால் இருந்து எடுத்து, அவர் முதுகுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் வைக்கணும். காரணம் எளிது. பவர் பின் சக்கரத்துக்குப் போகிறது, எடை முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பவர் ஏற ஏற டயர் வழுக்கத்தான் செய்யும். எடையைப் பின் சக்கரத்தின் மேல் வை, பிடிப்பு வரும். முன்னால் சூடும் இல்லை, பார்வையையும் பானெட் மறைக்காது. 1960-இல் செர்வ் 1 என்ற ஆராய்ச்சிக் காரை அப்படிச் செய்தார். 1964-இல் நாலு சக்கரமும் இழுக்கிற செர்வ் 2. 1970-இல் நியூயார்க் கண்காட்சியில் எக்ஸ்.பி.-882 என்ற மாதிரிக் கார், வி8 குறுக்காக நடுவில் உட்கார்ந்திருந்தது. பார்த்தவர்கள் அடுத்த கார்வெட் இதுதான் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

மேலிடம் கட்டவில்லை. இப்போது இருக்கிறதே செய்ய முடிகிற அளவுக்கு விற்கிறது, ஓனர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், கோடிக்கணக்கில் கொட்டி எதற்கு மாற்றணும்? கணக்குப்படி அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நீளமான பானெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓட்டுகிறதுதான் கார்வெட் என்று நம்புகிற லட்சம் பேர் இருந்தார்கள். முதல் காரைத் திட்டி ஸோராவுக்கு வேலை கொடுத்த அதே கூட்டம், இப்போது திருப்தியாக இருந்தே அவர் வேலையைத் தடுத்தது. 1975 தொடக்கத்தில் ரிட்டயர் ஆனார். நடுவில் இன்ஜின் வைத்த கார்வெட் ஒன்றுகூட விற்பனைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷம் ஓனர்களின் கூட்டங்களில் அவர்தான் ஹீரோ. 1992-இல் கென்டக்கியின் பௌலிங் கிரீனில் கார்வெட் மியூசியத்துக்குப் பூமி பூஜை மாதிரி ஒரு விழா. எண்பது தாண்டிய ஸோரா புல்டோசரில் ஏறி உட்கார்ந்து தானே ஓட்டினார். 1996 ஏப்ரல் 21 அன்று இறந்தார். அஸ்தி அந்த மியூசியத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

2013-இல் ஏழாம் தலைமுறை கார்வெட் வந்தபோது பின் விளக்கு வட்டமாக இல்லாமல் கோணலாக இருக்கிறது என்று பழைய ஓனர்கள் ஆடித் தீர்த்தார்கள். வெறும் விளக்குக்கே இப்படி. 2019 ஜூலை 18 அன்று கலிஃபோர்னியாவில் எட்டாம் தலைமுறை திரை விலகியது. இன்ஜின் நடுவில். முன்னால் வைத்து இனிமேல் இதற்கு மேல் வேகம் எடுக்க முடியாது என்று இன்ஜினியர்கள் காரணம் சொன்னார்கள், ஸோரா அறுபது வருஷத்துக்கு முன்னால் சொன்னதுதான். நீள பானெட் போச்சு, ஃபெராரி மாதிரி இருக்கு, மேனுவல் கியரே கிடையாதா என்று ஒரு கூட்டம் கத்தியது. மேனுவல் விஷயத்தில் அவர்கள் கோபம் எனக்கும் உண்டு. இன்னொரு கூட்டம் அன்றைக்கே ஆர்டர் கொடுக்க ஓடியது. பல பேர் முதலில் கத்திவிட்டு அப்புறம் ஓடினார்கள்.

அந்தக் கார் தயாராவதும் பௌலிங் கிரீனில்தான், மியூசியத்துக்குப் பக்கத்து ஃபேக்டரியில். வாங்குகிறவர் விரும்பினால் டீலரிடம் எடுக்காமல் மியூசியத்துக்கே வந்து சாவி வாங்கிக்கொள்ளலாம். வருகிறார்கள், வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள், பின்பக்கம் குனிந்து கண்ணாடி வழியாக இன்ஜினைப் பார்க்கிறார்கள். ஸோரா அதே கட்டடத்துக்குள் இருக்கிறார்.